அப்பா நிரப்பிய ரவை

அப்பா மூன்றாவது பிரஸ்ஸின் கைப்பிடியையும் ஒருதரம் இறக்கி ஏற்றினார்.

கண்ணை மூடிக்கொண்டார். மேலெழுந்த இரும்புத் தண்டை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"இதிலை ஆட்டமே இல்லை, பிள்ளை."

குரலில் அப்படியொரு சந்தோஷம்.

மகள் தலையாட்டினாள். வந்த அழுகையை விழுங்கினாள்.

கனடாவில், கல்கரியில் துவக்குச் சாமான் விற்கும் கடை அது. நீள மேசையில் பிரஸ்கள் வரிசையாகத் திருகிப் பூட்டியிருந்தன. சுட்டு முடித்த வெற்றுக் கோதில் மறுபடி வெடிமருந்து போட்டு, முனையில் சன்னம் பொருத்தி, புது ரவையாக்குகிற பிரஸ்கள். போட்டியில் சுடுகிறவர்கள் கடை ரவையை அவ்வளவாக நம்புவதில்லை. தங்கள் துவக்குக்குத் தோதானதைத் தாங்களே செய்துகொள்வார்கள்.

அவள் செய்ததில்லை. அவளுக்கு அப்பா இருந்தார்.

துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த மனிதர். மகள் பல்கலைக்கழகத்தில் துவக்குச் சுடும் கழகத்தில் சேர்ந்தது தெரிந்ததும் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு எங்கேயோ பழைய பிரஸ் ஒன்றை வாங்கிச் சுமந்துகொண்டு வந்து நின்றார்.

"உன்ரை கன்னத்துக்குப் பக்கத்திலை வெடிக்கிற சாமான். அதுக்குள்ளை என்ன கிடக்குதெண்டு எனக்குத் தெரியவேணும்."

அன்றிலிருந்து அவள் சுட்டதெல்லாம் அப்பா நிரப்பியதுதான்.

கறிக்கு உப்புப் போடுவதென்றால் கண்மண் தெரியாது அவருக்கு. மருந்தை மட்டும் தராசில் மூச்சுப் பிடித்து நிறுப்பார். கோதுகளைப் பலகையில் நிறுத்தி, டோர்ச் அடித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சன்னம்.

கழகத்தில் முதல் நாளே சொல்லித் தருவார்கள்: இன்னொருவர் நிரப்பிய ரவையைச் சுடாதே. அவர் எவராக இருந்தாலும்.

அது மற்றவர்களுக்கு என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

போன மாதப் போட்டியில் விசையை இழுத்தாள். வெடிச் சத்தம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ தும்மியதுபோல் ஒன்று கேட்டது.

கோதில் மருந்தே இல்லை. அடியிலிருக்கும் பொறி மட்டும் தள்ளிவிட்ட சன்னம் குழலுக்குள் இறுகி நின்றது.

அவள் அடுத்த ரவைக்குக் கையை நீட்டியிருந்தாள். பக்கத்தில் நின்றவர் பாய்ந்து கையைப் பிடித்தார். அதையும் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். முகம் மிஞ்சியிருக்காது.

பனி கொட்டியதால் போட்டி நடக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னாள்.

வீட்டில் மிச்சமிருந்த ரவைகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்தாள். எடை குறைந்தது இன்னொன்று இருந்தது. மருந்து இரண்டுதரம் விழுந்து எடை கூடியதும் ஒன்று இருந்தது.

தராசின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள்.

முன்பு, மறதி நோய் என்று டாக்டர் சொன்ன அன்று அவர் கலங்கவேயில்லை. "மருந்து நிறுக்க மறக்காட்டிச் சரி," என்று டாக்டரையே சிரிக்கவைத்தார்.

அவரிடம் எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. பழைய பிரஸ் தேய்ந்துவிட்டது, உங்களுக்குப் புதிது வாங்குவோம் என்று கூட்டிவந்தாள். வாங்கியதைத் தன் வீட்டு மேசையில் பூட்டி, தன் ரவையைத் தானே நிரப்பிக்கொள்வாள். அவர் பழையதில் நிரப்பித் தருவதை வாங்கிக்கொள்வாள். சுடமாட்டாள். புதிது எங்கே என்று அவர் கேட்கப்போவதில்லை. மறந்துவிடுவார்.

அவருடைய மறதியை நம்பிப் போட்ட திட்டம். நினைக்க அவளுக்கே கூசியது.

அவரோ கல்யாணத்துக்குச் சேலை எடுப்பதுபோல் ஆற அமரத் தேர்ந்துகொண்டிருந்தார். ஒரே இழுப்பில் ஐந்து வேலை பார்க்கும் பெரிய பிரஸ்ஸைக் கடைக்காரர் காட்டினார். அப்பா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது அள்ளி இறைக்கிறவர்களுக்காம். ஒரு நேரத்தில் ஒரு கோது, ஒரு வேலை. அதுதான் வேண்டுமாம்.

"ஆறுதலாச் செய்யலாம். பிழைவிட்டால் கண்ணிலை படும்."

உத்தரவாதம் எவ்வளவு காலம் என்று கேட்டார்.

ஆயுள் முழுக்க, என்றார் கடைக்காரர்.

அப்பா மறுபடியும் தண்டை அசைத்துப் பார்த்தார். கைப்பிடியைத் தடவினார். உத்தரவாதம் எவ்வளவு காலம் என்று கேட்டார்.

கடைக்காரர் அப்போதுதான் முதல்தரம் கேட்டவர்போல, ஆயுள் முழுக்க, என்றார்.

அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு.

பெட்டியை எடுத்துவரக் கடைக்காரர் திரும்பினார்.

"கொஞ்சம் நிக்கச் சொல்லு," என்றார் அப்பா. "கைப்பிடியை மற்றப் பக்கம் மாத்திப் பூட்டித் தர ஏலுமோ எண்டு கேள்."

"எந்தப் பக்கம், அப்பா?"

"இடப்பக்கம்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பிரஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் குடும்பத்தில் இடதுகைக்காரி அவள் ஒருத்திதான்.

கேட்க வாயைத் திறந்தாள். அப்பாவின் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவரே கடைக்காரரிடம் கேட்டார்.