வெளியாள்

"வெளியாளெல்லாம் வேணாம்மா. அதான் நான் இருக்கேன்ல?"

கோப்பித் தட்டை வைக்கும்போதே மீனம்மா பேச்சை முடித்துவிடப் பார்த்தாள்.

பவானேஸ்வரிக்குச் சுருக்கென்றது. மலாக்கா டவுனில் ஊனமுற்றோருக்கான ஒரு நலச் சங்கத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. காது கேளாதவர்கள் முக்கியமான காரியங்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரை அழைத்துக்கொள்ள, சங்கம் அந்த வருஷம்தான் ஒரு நிதி ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு, போலீஸ் ஸ்டேஷனுக்கு என்று மற்றவர்கள் கேட்டார்கள். ரெம்பியாவில் லோரிப் பட்டறையில் வெல்டராக இருக்கும் காளிமுத்து மட்டும், 'பெண் பார்க்கப் போவதற்கு' என்று எழுதிப் போட்டிருந்தான்.

கூட்டத்தில் தலைவர் சிரித்தேவிட்டார். "நாம என்ன, கல்யாணத் தரகு பாக்கவா சங்கம் வச்சிருக்கோம்?"

பவானேஸ்வரிதான் மல்லுக்கு நின்றாள். வாழ்க்கையில் அதைவிட முக்கியமான காரியம் எது என்று கேட்டாள். தமிழும் சைகையும் தெரிந்த ஆள் கோலாலம்பூரிலிருந்துதான் வர வேண்டும், அந்தச் செலவை வெல்டர் எப்படித் தாங்குவார் என்றாள். தலைவர் ஒருவழியாக இறங்கி வந்தார். ஆனால் வீட்டிலேயே நன்றாக மொழிபெயர்க்க ஆள் இருந்தால் நிதி கிடையாது, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்.

வந்து பார்த்தால், ஆள் இருந்தது. காளிமுத்துவின் அண்ணி.

"நான் கல்யாணமாகி வந்தப்ப தம்பிக்குப் பத்து வயசு. பினாங்குல காது கேக்காத புள்ளைங்க ஸ்கூல்ல படிச்சிச்சு. லீவுக்கு வரும்போது அதுகிட்டதான் நான் கையில பேசக் கத்துக்கிட்டேன். இந்த வீட்டுல வேற யாருக்கும் வராது. பேங்குக்குப் போனாலும் கிளினிக்குப் போனாலும் நான்தான் கூடப் போறேன். இப்ப என்னலா புதுசா?"

காளிமுத்து எதிரே உட்கார்ந்து இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுவரைக்கும் எத்தன எடம் பாத்தீங்கக்கா?"

"மூணு."

"மூணு வீட்டுலயும் நீங்கதான் பேசினீங்களா?"

"ஆமா."

"மூணுமே அமையல."

மீனம்மா கோப்பித் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பவானேஸ்வரிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது போலிருந்தது. கொழுந்தன் சம்பளம் வீட்டுக்கு வருகிறது. கல்யாணமானால் அது வேறு அடுப்புக்குப் போய்விடும். இவள் எப்படி வெளியாளை உள்ளே விடுவாள்?

"வெளிப்படையாவே கேக்குறேன்க்கா. வெளியாள் வந்தா உங்களுக்கு என்ன பயம்?"

மீனம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள், அவனுக்கு வாய் தெரியாதபடி.

"வெளியாள் அப்படியே சொல்லிடுவாங்கம்மா."

"எத?"

"மொத வீட்டுல, செவிடனுக்குக் குடுக்குறதுக்கு எம்பொண்ணு வீட்டோடயே கெடக்கட்டும்னாங்க. ரெண்டாவது வீட்டுல, பொறக்குற புள்ளையும் ஊமையா பொறந்தா நீ வளப்பியான்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. தம்பியும் பதிலுக்குச் சிரிச்சிச்சு. நான் என்னம்மா சொல்லுவேன்? ஜாதகம் பொருந்தலன்னு தம்பிகிட்ட சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். மூணு வீட்டுக்கும் அதத்தான் சொன்னேன்."

பவானேஸ்வரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அடுத்த வாரம் கோலா சுங்கை பாருக்குப் போறோம். அங்க என்ன சொல்லப் போறாங்களோ. அதையும் ஒருத்தரு வேலை மெனக்கெட்டு வந்து, ஒரு வார்த்தை விடாம தம்பிகிட்ட சொல்லணுமா?"

வீட்டில் ஆள் இருக்கிறது, நிதி தேவையில்லை என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடலாமா என்றுகூட பவானேஸ்வரிக்குத் தோன்றியது. ஆனால் விண்ணப்பம் போட்டவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவனை இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவருகிட்ட கேளுங்கக்கா. அண்ணி இருக்கும்போது வெளியாள் எதுக்குன்னு."

மீனம்மா கைகளால் கேட்டாள்.

காளிமுத்து அண்ணி பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு அவன் கைகள் வேகமாகப் பேசின. நடுவில் சுவரைக் காட்டி, இரண்டு விரல்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துச் சிரித்தான். மீனம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னக்கா சொல்றாரு?"

"மூணாவதா செர்காம்ல பாத்த வீட்டுச் சுவத்துல சிலுவை மாட்டியிருந்துச்சாம். அங்க எந்த ஐயரு ஜாதகம் பாத்தாருன்னு கேக்குது."

பவானேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. "அப்பவே தெரியுமா அவருக்கு?"

"மொத வீட்டுலயே தெரியுமாம். அவங்க நெனைக்கிறது மூஞ்சியிலயே தெரியுதாம். அதுக்கு ஆள் வேணாமாம்."

"அப்புறம் எதுக்கு?"

மீனம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காது கேக்குமான்னு ஒவ்வொரு வீட்டுலயும் கேட்டாங்க. சுத்தமா கேக்காதுன்னு தம்பி ஒரே கையசைப்புல சொல்லிடும். நான் அத மாத்தி, கொஞ்சம் கொஞ்சம் கேக்கும், மெஷின் வச்சா சரியாயிடும்னு நீட்டி முழக்குவேன். அதையும் பாத்துக்கிட்டேதான் இருந்துச்சாம். 'நான் சொல்றத மாத்தாம அந்தப் பொண்ணுகிட்ட சொல்றதுக்குத்தான் ஆள் வேணும்'ங்குது."

பவானேஸ்வரி கொண்டுவந்த விண்ணப்பத்தைக் காட்டி அவளே சொன்னாள்:

"இப்ப சொன்னதுல நான் எதையும் மாத்தலம்மா. அப்படியே எழுதிக்குங்க."