காலியாக விட்ட கட்டம்

மருத்துவப் பணியாளர் பதிவு அலுவலகத்தில் அந்தக் குமாஸ்தாவுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். விண்ணப்பத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார். இன்று ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் விண்ணப்பத்தை மூன்றாவது முறையாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க பதிவு காலாவதியாகி ஆறு வருஷம் ஆச்சு."

"தொற்று அடங்குற வரைக்கும் பழைய பதிவே செல்லும்னு உத்தரவு வந்திருக்கே, சார்."

"பயிற்சிச் சான்றிதழ் எங்க?"

"அதுவும் இப்போதைக்கு வேண்டாம்னு அதே உத்தரவுல இருக்கு."

"வயசு அறுபத்து நாலு. தொற்று வார்டுல நிக்க முடியுமா?"

"வயசு வரம்பையும் எடுத்துட்டாங்க. உங்க முதுகுக்குப் பின்னாலதான் ஒட்டியிருக்கு, திரும்பிப் படிங்க."

வரிசையில் அடுத்து நின்றவருக்குப் பொறுக்கவில்லை. "ஆஸ்பத்திரியில ஆள் இல்லாம தவிக்கிறாங்க. உதவ வர்றவங்களை ஏன் சார் இழுத்தடிக்கிறீங்க? உங்க வீட்டு மனுஷங்களா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

குமாஸ்தா அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவர் முகம் சற்றே தெளிந்தது.

"இந்தக் கட்டம் காலியா இருக்கு. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குத் தகவல் சொல்றது? இது இல்லாம என்னால வாங்க முடியாது."

நர்ஸ் பேனாவை அவர் பக்கம் நகர்த்திக் குரலைத் தாழ்த்தினார்.

"அதை உனக்காகத்தான்டா விட்டு வெச்சேன். உன் பேரை எழுதிட்டு முத்திரையைக் குத்து. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா வீட்டுக்கு வர ரெண்டு வாரம் ஆகும்."

பூதக்கண்ணாடி தன் பெயரை எழுதினார். தொலைபேசி எண்ணை மட்டும் இரண்டு முறை எழுதினார்.