மிக்ஸி கலக்கிய காக்டெயில்

நான் ஒரு மிக்ஸி. சட்னி அரைப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மனைவி பிலோமினாவின் பிறந்தநாளுக்கு ஜெரோம் வீட்டிலேயே காக்டெயில் செய்யக் கிளம்பினார். ஐஸ், அன்னாசி, தேங்காய்ப்பால், ரம் எல்லாவற்றையும் எனக்குள் கொட்டினார். கண்ணாடிக் கோப்பையில் கீழே இந்த வெள்ளை, மேலே ஸ்ட்ராபெரிச் சிவப்பு. இரண்டும் கலக்காமல் நிற்க வேண்டும்.

"அண்ணே, கொஞ்சமாச் சுத்துங்க. ஐஸ் உருகிட்டா சிவப்பு மேல நிக்காது," என்றது அந்தக் கோப்பை.

"எத்தனை தேங்காயைப் பார்த்தவன் நான்! எனக்கே பாடமா?" என்று முழு வேகத்தில் சுற்றினேன். ஜெரோமும் என் சத்தத்தில் மயங்கி நிறுத்த மறந்தார். மூடியைத் திறந்தால் வெறும் தண்ணீர்ப் பால். அதைக் கோப்பையில் ஊற்றி, அடுத்து அரைத்த சிவப்பை மேலே விட்டதும் அது விறுவிறுவென்று அடிக்கு இறங்கியது. கோப்பை முழுக்க ஒரே ரோஸ் நிறம். ஜெரோமின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு மோட்டார் சுட்டது. வெட்கம் என்றே வையுங்கள்.

பிலோமினா ஒரு மிடறு குடித்தாள். "அட, ரோஸ்மில்க் மாதிரி இருக்கே! நல்லா இருக்குங்க."

"உனக்குப் பிடிக்குமேன்னு வேணும்னேதான் அப்படிப் பண்ணேன்," என்றார் ஜெரோம்.

கோப்பை என்னைப் பார்த்தது.

"நானும் அதுக்குத்தான் அவ்வளவு நேரம் சுத்தினேன்," என்றேன்.