பதினேழு தும்மல்கள்

ஜெசிந்தா தினமும் காலை ஆறு மணிக்குப் பதினேழு முறை தும்முவாள். அந்தக் குடியிருப்பில் யாரும் அலாரம் வைப்பதில்லை. மூன்றாவது தும்மலுக்கு மாடிவீட்டுத் தணிகாசலம் எழுந்துகொள்வார், பத்தாவதற்கு எதிர்வீட்டு அடுப்பில் பால் ஏறும். மூக்கில் அடிக்கிற ஸ்பிரேயைக் கொடுத்த டாக்டரம்மா, "பலன் தெரிய ரெண்டு வாரம் ஆகும். அவசரப்பட்டுக் கூடுதலா அடிச்சுடாதீங்க" என்று சொல்லியிருந்தார். நான்காம் நாள் மூக்கில் ரத்தம் கசிந்தது. இந்த மருந்தும் தனக்கில்லை போலிருக்கிறது என்று கலங்கியவள், பாட்டிலோடு அவரிடமே போனாள். டாக்டரம்மா மூக்கினுள்ளே பார்த்துவிட்டு, எப்படி அடிக்கிறாள் என்று காட்டச் சொன்னார்.

"மூக்கோட நடுச்சுவருக்கா வெள்ளையடிக்கிறீங்க? அதான் ரத்தம். லேசாக் குனிஞ்சு, வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு. முனை காதுப் பக்கம் பாக்கணும். மெதுவா இழுத்தா போதும்."

அன்றிலிருந்து கண்ணாடி முன் அவள் கைகள் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் போய்வந்தன. ரத்தம் வரவில்லை. பதினேழு பத்தாகி, நான்காகியது. பதினைந்தாம் நாள் ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்து காத்திருந்தாள். ஒன்றுமே வரவில்லை. குடியிருப்பு முழுக்கத் தூங்கியது.

ஏழரைக்குக் கதவு தட்டப்பட்டது. கலைந்த தலையோடு தணிகாசலம், பின்னால் எதிர்வீட்டுக்காரர்கள்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? நல்லாத்தான இருக்க? எனக்கு பஸ்ஸே போயிடுச்சு."

அவர்களைத் தாண்டி, படிக்கட்டு வழியே யார் வீட்டிலோ தாளிக்கும் கறிவேப்பிலை வாசனை வந்தது. ஜெசிந்தா கண்களை மூடி, மூச்சை நீளமாக உள்ளே இழுத்தாள். பழக்கத்தில் எல்லோரும் ஓரடி பின்வாங்கி நின்றார்கள்.