சோற்றுருண்டையும் ஒற்றைப் பொத்தானும்

ஒசாகா வீடியோ கேம் நிறுவனத்தின் சோதனை அறையில் மூன்று பேர்: திரைக்கு நேரே ஆடிப் பார்க்கும் தொகாஷி, அவருக்குப் பின்னால் தயாரிப்பாளர் நிஷிவாகி, கதவோரம் வாள்வீச்சுகளை வடிவமைத்த குஸுமி. போன மாதம் திரையில் நிற்கும் இதே அரக்கனிடம் பத்தொன்பது முறை செத்து, விலக வேண்டிய நொடியைக் கை கற்றுக்கொண்டதும் நாற்காலியை விட்டுத் துள்ளியவர் தொகாஷி. இன்றைய வடிவத்தில், ஆடுபவர் எதுவும் பழகாமலே வாளின் பலம் நாற்பது படி தானாக ஏறியிருக்கிறது. இடக்கைச் சோற்றுருண்டையைக் கடித்தபடி அவர் வலக்கட்டைவிரலால் ஒரே பொத்தானைத் தட்டுகிறார். பொத்தானில் உருண்டையைச் சுற்றிய கடற்பாசியின் துணுக்கு பிசுபிசுக்கிறது, திரையில் அடியின் பலத்தைக் காட்டும் மஞ்சள் எண்கள் வாந்தியாகக் கொட்டுகின்றன, அரக்கன் சரிகிறான். தொகாஷி கொட்டாவி விடுகிறார். “பாத்தீங்களா குஸுமி-சான்? சாப்பிட்டுக்கிட்டே ஜெயிக்கிறாரு!” என்கிறார் நிஷிவாகி. “அவர் எங்க சார் ஜெயிச்சார்? உங்க நம்பர்தான் ஜெயிச்சுது” என்கிறாள் குஸுமி. “ஜனங்களுக்கு அதுதாம்மா பிடிக்குது. ஆட்டத்தோட கடைசில உங்க பேரு கொட்டை எழுத்துல வரும், போங்க.” பதினோரு வருடத்தில் முதன்முறையாகக் குஸுமியின் பெயர் வரவிருக்கும் பட்டியல் அது. அந்தப் பெயரை நீக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்குக் காலையிலேயே எழுதிவைத்த கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுகிறாள். மூடிய மடிப்பின்மேல் யாரும் பிரிக்கவில்லை என்று காட்ட அங்கே வழக்கமாகப் போடும் குறுக்குக்கோட்டைப் பேனாவால் ஒரே வீச்சில் இழுக்கிறாள். தபால் எடுக்க வந்தவரின் பையில் அது விழும்போது, தொகாஷி அடுத்த அரக்கனைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.