யாருடைய வற்புறுத்தலும் இன்றி

"அவங்க பேச மாட்டாங்க மேடம். என்ன எழுதணும்னு நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். உயில் எழுத வருகிற இடத்தில் யாராவது இப்படிப் பேசினால் அவருக்குத் தானாக முதுகு நிமிர்ந்துவிடும்.

சக்கர நாற்காலியில் இருந்த அம்மாளுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். உதட்டை இறுக்கிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்றவனுக்கு நாற்பது இருக்கலாம். டயர் கடை வைத்திருப்பதாகச் சொன்னான். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"ஏன் பேச மாட்டாங்க? பேச்சு வராதா?"

"அதெல்லாம் நல்லா வரும். கால்தான் விழுந்துடுச்சு. இப்ப... பேச மாட்டாங்க, அவ்வளவுதான்."

"நீங்க யாரு? மகனா?"

"இல்லைங்க."

"உள்ளே வரும்போது அத்தைன்னு கூப்பிட்டீங்களே, உறவா?"

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அது பழக்கத்துல வர்றது. உறவுன்னு இப்ப ஒண்ணும் இல்லைங்க."

வக்கீலுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அந்த அம்மாளின் அடையாள அட்டையைக் கேட்டார். அவன் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அந்த அம்மாளின் செல்போனும் அதே பையில்தான் இருந்தது. வீட்டுச் சாவி அவன் இடுப்பில் தொங்கியது.

"சரி, என்ன செய்யணும்?"

"ஏற்கெனவே ஒரு உயில் எழுதி வச்சிருக்காங்க. அது செல்லாதுன்னு ஆக்கணும். புதுசா ஒண்ணு எழுதணும். இன்னிக்கே முடியுமா மேடம்?"

"அப்படி என்ன அவசரம்?"

"இவங்க வயசுக்கு நாளைக்கு என்ன ஆகும்னு யாரு கண்டது?"

அந்த அம்மாள் சடாரென்று திரும்பி அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

"சொத்து என்ன இருக்கு?"

"வீடு ஒண்ணுதான். மாடி வீடு, கடைத்தெருவுக்குப் பின்னால. இன்னிக்கு வித்தாலும் நல்ல விலை போகும்."

"விலை வரைக்கும் விசாரிச்சு வச்சிருக்கீங்க. பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. வெளியூர்ல இருக்கு."

"இப்படி உயிலை மாத்துறது அவங்களுக்குத் தெரியுமா?"

"ஐயோ, வேண்டாம் மேடம்!" அவன் பதறிப்போனான். "அவளுக்கு... அவங்களுக்கு இது தெரியவே கூடாது. பழைய உயில் ஒண்ணு இருந்துச்சுங்கிற பேச்சே எழக் கூடாது."

வக்கீலுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சென்ற வருடம் பக்கத்து அறை வக்கீல் இப்படித்தான் ஒருவன் பேச்சைக் கேட்டு ஒரு பெரியவருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து வாங்கிய மறுவாரமே அவன் பெரியவரை வீட்டை விட்டு வெளியேற்றினான். கடைசியில் வக்கீலே சாட்சிக் கூண்டில் ஏறித் தலைகுனிந்து நிற்க வேண்டியதாயிற்று.

"நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க," என்றார்.

"நான் இல்லேன்னா இவங்க சரியாச் சொல்ல மாட்டாங்க மேடம். மாத்திச் சொல்லிடுவாங்க."

"மாத்திச் சொன்னா மாத்தித்தான் எழுதுவேன். அவங்க சொத்து, அவங்க இஷ்டம். போங்க."

அவன் குனிந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்தான். குரலைத் தாழ்த்தினாலும் வக்கீல் காதில் விழுந்தது. "அத்தை, பேசினபடி சொல்லிடுங்க. இல்லேன்னா சத்தியமா நான் இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அந்த அம்மாள் கையை வெடுக்கென்று உதறினார்.

அவன் வெளியே போனதும் வக்கீல் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு மடக்கு குடித்ததும் அந்த அம்மாளின் கண் கலங்கியது.

"அம்மா, இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நீங்க பேசுறது அவன் காதுக்குப் போகாது. பயப்படாம சொல்லுங்க. அந்த ஆள் உங்களைக் கட்டாயப்படுத்துறானா?"

"ஆமா." கணீரென்று வந்தது குரல். "ஒரு மாசமா என் உயிரை எடுக்கிறான். சோறு போடும்போதும் இதே பேச்சு, மாத்திரை கொடுக்கும்போதும் இதே பேச்சு. இன்னிக்கு நான் வரமாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணினேன். அப்படியே நாற்காலியோட தூக்கி வண்டியில வச்சுட்டான்."

வக்கீலின் கை போனைத் தேடியது. "இப்பவே போலீஸுக்குச் சொல்றேன். ஒரே ஒரு கேள்வி. வீட்டைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்லித்தானே இவ்வளவும்?"

அந்த அம்மாள் அவரை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அவன் பேருக்கு எழுதினதுதான் அந்தப் பழைய உயில். அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து, டாக்டர்கிட்ட போகணும்னு பக்கத்து வீட்டுல பொய் சொல்லி ஆட்டோவுல ஏத்திவிடச் சொல்லி, நானாப் போய் எழுதி வச்சேன். அதைத் தூக்கிப் போட்டுட்டு வீட்டை என் பொண்ணு பேருக்கே எழுதுன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். அவ இவனை வேண்டாம்னு விவாகரத்து வாங்கிட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சும்மா, இன்னும் அவளுக்காகத்தான் என்கிட்ட சண்டை போடுறான் என் மாப்பிள்ளை!"