கூடையில் விழாத படம்

"ஏறும்போது மூணு பேரு. இறங்கும்போது நான் ஒருத்தன். நடுவுல என்னய்யா நடந்தது?"

பேய் வீட்டு வண்டிச் சவாரி முடிகிற இடத்தில், படம் விற்கிற மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கத்தினார். சட்டையில் இஸ்திரி கலையவில்லை. முகம்தான் கசங்கியிருந்தது.

படக்காரர் லேப்டாப்பிலிருந்து நிமிரவே இல்லை.

"வண்டி நம்பர்?"

"ஏழு. நான், என் சம்சாரம், பொண்ணு. கடைசி வளைவுல வண்டி நின்னுது, பேய் பாய்ஞ்சுது, பளிச்சுனு வெளிச்சம் அடிச்சுது. வெளிய வந்து பார்த்தா பக்கத்து சீட் காலி!"

மேஜைக்கடியில் ஒயரோடு ஒயராகக் கிடந்த மச்சான் எழுந்து வந்தான். படக்காரர் சம்சாரத்தின் தம்பி. கடையை அமைத்துக் கொடுத்ததே அவன்தான். கட்டடம் முழுக்கத் தடித்த காங்கிரீட். அதில் பேய் நுழையும், நெட் நுழையாது. அதனால் வளைவில் இருக்கிற கேமரா எடுப்பதெல்லாம் நேராக லேப்டாப்பில் விழும். மேஜைமேல் இருக்கிற டேப்லெட்டில் தெரியும். பிடித்த படத்தைத் தொட்டால் அதிலேயே இருக்கிற வாங்கும் கூடைக்குள் போகும். பணம் கட்டினால் பிரின்டர் துப்பும். எல்லாம் இந்த நாலு சுவருக்குள்ளேயே.

"ஏழாம் வண்டியைத் திறங்க மாமா. படத்துலேயே தெரிஞ்சுடுமே!"

படக்காரர் எதையோ தட்டினார். டேப்லெட்டில் படம் வந்தது.

சீட்டின் ஓரத்தில் அந்த ஆள் மட்டும், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தி, முழங்காலுக்குள் தலையைப் புதைத்திருந்தார். பக்கத்தில் யாருமில்லை. ரெக்சின் சீட்டில் பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று, உட்கார்ந்த பள்ளம் இரண்டு மட்டும் இருந்தன.

மச்சானின் கைமயிரெல்லாம் எழுந்து நின்றது.

"மாமா... ஒரு வண்டிக்கு மூணு படம் விழணுமே, மத்த ரெண்டு..."

"நீ அமைச்ச லட்சணம்! முழுங்கிடுச்சு." மேஜைக்கடியில் மச்சானின் கால் நசுங்கியது. "சார், இதைக் கூடையில போடட்டுமா?"

"என்னது?"

"நல்லா விழுந்திருக்கு. பெரிய சைஸா, சின்ன சைஸா?"

"குழந்தைக்கு இருட்டுன்னாலே ஆகாதுய்யா!" அவர் கண் கலங்கியது.

"பாவம். ஓரம் வெள்ளையா, கறுப்பா?"

மச்சானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படக்காரரின் காதோரம் குனிந்தான். "எரியிற வீட்டுல பிடுங்கினது லாபமா மாமா? வெட்கமா இல்ல?"

அவனே அந்த ஆளிடம் திரும்பினான். "சார், வெளிய போனா சிக்னல் கிடைக்கும். அவங்களுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்."

"அவ போன் என்கிட்ட இருக்கு."

"வண்டியில விழுந்துடும்னு வாங்கி வெச்சீங்களா?"

"எப்பவும் என்கிட்டதான் இருக்கும்."

"சரி, கையில காசு இருந்தா எங்கேயாவது..."

"அவளுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்டார். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

மச்சான் அடுத்த கேள்விக்குத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான்.

"உங்க பேரு சார்?" படக்காரர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். "நம்பர்? படத்துக்குச் சட்டம் போடணுமா? அடடா, கூடை காலியாயிடுச்சே! மறுபடியும் முதல்லேருந்து வருவோம். பேரு?"

அந்தக் கூடை தானாகக் காலியாகாது என்பது அமைத்தவனுக்குத் தெரியாதா? ஆனாலும் இந்தத் தடவை அவன் வாயைத் திறக்கவில்லை.

"படமும் வேணாம், ஒண்ணும் வேணாம். உள்ள போய்த் தேடணும்!"

"வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். அந்த வளைவு வரைக்கும் இருட்டுல நடக்கணும், அவ்வளவுதான்."

படக்காரர் எழுந்து கறுப்புத் திரையை விலக்கினார். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. தூரத்தில் யாரோ மெதுவாகச் சிரிப்பதுபோல் இருந்தது.

அந்த ஆள் ஓரடி வைத்தார். நின்றார்.

"வேணாம்... நான் கேட்ல போய்ப் பார்க்கறேன்."

ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் மச்சான் கேட்டான். "அந்த ரெண்டு படத்தைக் காட்டுங்க மாமா."

"பேய் பாய்ஞ்சா வண்டியில இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க, சொல்லு."

"பக்கத்துல இருக்கறவங்களைக் கட்டிப்பாங்க. காலையிலேருந்து அதைத்தானே விக்கறோம்?"

படக்காரர் லேப்டாப்பைத் திருப்பினார்.

முதல் படத்தில் அந்த ஆள் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகைக் காட்டியபடி, அம்மாவும் பெண்ணும் பேயின் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதில் பேய் இடுப்பில் குழந்தை. அம்மாவின் ஒரு கால் தரையில்.

"இதை அழிச்சா வேற எங்கேயாவது இருக்குமா?"

"நெட்டே இல்லியே மாமா. இங்க போனா எங்கேயும் இல்ல."

"அப்போ அமைச்ச லட்சணம் பரவாயில்ல." இரண்டையும் அழித்தார்.

திரை அசைந்தது. வெள்ளை அங்கி, விரித்த தலைமயிர், மை வழிகிற கண். பேய் வெளியே வந்தது.

மச்சான் துள்ளினான். "அக்கா! ஒரு குரல் குடுத்துட்டு வரக்கூடாதா?"

"பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போய் டாக்சி ஏத்தி விட்டுட்டேன்," என்று அக்கா படக்காரரைப் பார்த்துச் சொன்னாள். "அவளோட அண்ணன் வீட்டுக்குப் போறா. அந்த ஆளு இன்னும் இங்க நிக்கறானா?"

"கூடையிலேயே கட்டிப் போட்டு வெச்சிருந்தேன். இப்பத்தான் ஓடினான்."

"ஏன்க்கா, இந்தக் கோலத்துல உன்னைப் பார்த்து அவங்க பயப்படவே இல்லியா?"

அக்கா ஈரத்துணியால் கண்மையைத் துடைத்தாள். "எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன்! எல்லாரும் 'விடு, விடு'ன்னு அலறுவாங்கடா. இவ ஒருத்திதான் காதுகிட்ட வந்து 'விட்டுடாதீங்க'ன்னா."